மாட்டைப் பிடிக்க ஆள் வேண்டும். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க மனம் இல்லையா?

கூலி விவசாயியின் வீட்டில் சொத்து என்று சொல்ல என்ன இருக்கிறது? நிலம் இல்லை. பாங்கியில் பணம் இல்லை. கொட்டிலில் ஒரு கறவை மாடு நிற்கிறது. அல்லது வாசலோரம் நாலு வெள்ளாடு கட்டியிருக்கிறது. மகள் கல்யாணம் என்றால் அந்த ஆடுதான் சந்தைக்குப் போகும். ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அந்தக் கன்றுதான் கைமாறும். மில் தொழிலாளியின் கதையும் வேறல்ல. ஷிப்டு முடிந்து கிராமத்துக்குத் திரும்புகிறவன் வீட்டில், அவன் மனைவி கறக்கிற பால்தான் பலசரக்குக் கடை பாக்கியை அடைக்கிறது.

அந்த மாடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டால், அதை முதலில் தொடுகிற கை யாருடையது?

பட்டம் பெற்ற டாக்டரின் கையா? சில நாள் ஆம். டாக்டர் வேறு ஊர் முகாமுக்குப் போயிருக்கும் நாளில்? இரண்டு மருந்தகத்துக்கு ஒரே டாக்டர் என்று ஓட்டும் நாளில்? அப்போது மாட்டு ஆஸ்பத்திரியில் நிற்பவர் கால்நடை பராமரிப்பு உதவியாளர். ஊர் மக்கள் பழைய வழக்கப்படி அவரைக் ‘கம்பவுண்டர்’ என்கிறார்கள். மாட்டின் கொம்பைப் பிடிப்பவர் அவர். காலைக் கட்டுபவர் அவர். புண்ணைக் கழுவிப் புழு எடுப்பவர் அவர். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தடுப்பூசிக்குத் தெருத் தெருவாய் நடப்பவரும் அவரே.

அந்தக் கைக்குச் சர்க்கார் என்ன கற்றுக்கொடுத்தது? கற்றுத் தேர்ந்தவனுக்கு என்ன படி, என்ன ஏற்றம் வைத்திருக்கிறது? இதுதான் கேள்வி. இது உதவியாளர்களின் சம்பளத் தகராறு மட்டும் என்று நினைத்து ஒதுங்கிவிட வேண்டாம், தோழர்களே! உங்கள் கொட்டிலில் நிற்கும் மாட்டின் உயிர் இதில் இருக்கிறது.

யாருடைய ஆடு? யாருடைய மாடு?

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நமது நாட்டில் சுமார் 53 கோடியே 57 லட்சம் கால்நடைகள். தமிழ்நாட்டில் மட்டும் மாடுகள் சுமார் 95 லட்சம். வெள்ளாடுகள் சுமார் 99 லட்சம். செம்மறிகள் சுமார் 45 லட்சம். இவை எல்லாம் பெரிய பண்ணைக்காரர்களின் சொத்தா? இல்லை. பண்ணைக்காரன் தன் மாட்டுக்குக் காரில் டாக்டரை வரவழைப்பான். போனில் மருந்து சொல்லக் கேட்பான். சீமை மருந்து வாங்குவான். பெருவாரியான ஆடு மாடுகள் குறுவிவசாயியின் கொட்டிலிலும், நிலமே இல்லாதவர் குடிசை ஓரத்திலும் நிற்கின்றன. 2011ல் சர்க்காரே நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு நாலு நாலு ஆடு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கொடுத்தது நல்லது. ஆனால் கொடுத்த ஆட்டை ஆட்டுக்கொல்லி நோயிலிருந்து காப்பாற்ற, ஊருக்கு ஊர் தேர்ந்த கை வேண்டாமா?

விவசாயத்துக்கான தேசியக் கமிஷன் 1976ல் ஒரு அளவு சொன்னது. 5000 கால்நடை அலகுகளுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்பது அந்த அளவு. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஒரு டாக்டரின் தலையில் இருக்கும் ஊர்களை எண்ணுங்கள். அந்த ஊர்களின் ஆடு மாடுகளை எண்ணுங்கள். கணக்கு உங்களுக்கே விளங்கும். டாக்டர் எட்டாத இடத்தில் உதவியாளரின் கைதான் எட்டுகிறது. ஆகவே, உதவியாளர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதும், ஏழையின் மாட்டுக்கு எவ்வளவு வைத்தியம் கிடைக்கிறது என்பதும் ஒன்றே.

‘உதவி’ என்ற சொல்லின் சரித்திரம்

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் துறை எப்படி நடந்தது என்று பார்ப்போம். 1903ல் சைதாப்பேட்டையில் 20 மாணவர்களோடு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1905ல் வேப்பேரிக்கு வந்தது. அங்கே படித்துத் தேறிய நம் நாட்டு இளைஞர்களுக்கு என்ன பெயர்? ‘வெட்டர்னரி அசிஸ்டெண்ட்’. அதாவது உதவியாள். மேல் பதவி முழுவதும் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த துரைமார்களுக்கு. கொள்ளைநோய் பரவிய கிராமத்துக்கு நடந்து போனவன் நம்மவன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் துரை. 1930களின் நடுவில் இந்தியாவிலேயே முதன்முதலாக அந்தக் கல்லூரியில் பட்டப்படிப்பு வந்தது. நாடு விடுதலை பெற்றது. துரைமார்கள் கப்பல் ஏறினார்கள். 1989ல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக் கழகமும் தமிழ்நாட்டில் அமைந்தது.

நல்லது. ஆனால் அந்த ‘உதவி’ என்ற சொல் எங்கே போனது? எங்கும் போகவில்லை. பட்டம் பெற்று ஐந்தரை வருஷம் படித்து வேலைக்கு வரும் டாக்டரின் பதவிப் பெயர் இன்றைக்கும் ‘கால்நடை உதவி மருத்துவர்’தான். அவராவது படித்தார், டாக்டர் ஆனார். அவருக்குக் கீழே கால்நடை ஆய்வாளர். ஆய்வாளருக்கும் கீழே பராமரிப்பு உதவியாளர். துரை அன்று நம் டாக்டரை எந்த இடத்தில் வைத்தானோ, அந்த இடத்தில் இன்று உதவியாளரை வைத்திருக்கிறார்கள். ஆட்கள் மாறினார்கள், மனப்பான்மை மாறவில்லை. வேலை செய்யும் கை கீழே, கையெழுத்துப் போடும் கை மேலே! கீழே இருக்கும் கை மேலே போக ஏணி உண்டா என்று கேட்டால் மட்டும் கோப்பு நகராது.

‘பார்த்துப் பழகு’ என்பதா பயிற்சி?

கால்நடை ஆய்வாளர் ஆகிறவருக்கு, பிளஸ் டூ முடித்த பிறகு ஏறத்தாழ ஓராண்டு பயிற்சி உண்டு. உதவியாளருக்கு? வேலையில் சேர்ந்த அன்றே துடைப்பமும் கயிறும் கையில். ‘பார்த்துப் பழகு’ என்பதே பெரும்பாலும் பயிற்சி. எங்காவது ஒரு நாள் முகாம் நடந்தால், கையெழுத்து வாங்குகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். முடிந்தது!

பழக்கத்தால் கற்ற அறிவை நாம் குறைத்துப் பேசவில்லை. இருபது வருஷம் மாட்டோடு நின்றவனுக்குத் தெரிந்தது பல புஸ்தகத்தில் இல்லை. ஆனால் காரணம் தெரியாத பழக்கம் ஓரிடத்தில் காலை வாரிவிடும்.

சினை ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். உறைவிந்துக் குச்சி, பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜனில் கிடக்கிறது. வேறு குச்சியைத் தேடுகிறபோது அதைக் கலத்தின் வாய்க்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றால், கண்ணுக்குத் தெரியாமல் உயிரணு செத்துவிடும். எடுத்த குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் சுமார் அரை நிமிஷம் வைக்க வேண்டும். காலையில் பருவம் கண்ட மாட்டுக்கு அன்று மாலை, மாலையில் கண்ட மாட்டுக்கு மறுநாள் காலை என்பது விதி. இதில் ஒன்று தப்பினாலும் ஊசி வீண். அடுத்த பருவம் வர 21 நாள். இரண்டு முறை தப்பினால் 42 நாள். அத்தனை நாளும் வைக்கோலுக்கும் தவிட்டுக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள்? கூலி விவசாயி. மாடு ‘மலட்டு மாடு’ என்று பெயர் வாங்கி, யார் கையில் அடிமாட்டு விலைக்குப் போகிறது? வியாபாரி கையில். அரை நிமிஷப் பாடத்தைக் கற்றுக்கொடுக்காத சர்க்காரின் கஞ்சத்தனம், ஏழை வீட்டில் ஒன்றரை மாதப் பட்டினியாக முடிகிறது.

தடுப்பூசி மருந்தும் அப்படியே. கோமாரித் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தாலும் கெடும். ஐஸ் கட்டியாக உறைந்தாலும் கெடும். ‘நிறைய ஐஸ் போட்டால் நல்லது’ என்று எண்ணுகிறவனிடம் காரணத்தைச் சொன்னது யார்? கெட்ட மருந்தை ஊர் முழுக்கக் குத்திவிட்டு, ‘இத்தனை லட்சம் டோஸ் போட்டோம்’ என்று புள்ளிவிவரம் வாசித்தால், கோமாரி பயந்து ஓடிவிடுமா?

மாட்டோடு மனிதனும் சாகிறான்

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. ஆடு மாட்டின் நோய் பல, மனிதனையும் தொற்றும்.

கன்று வீச்சு நோயைப் பாருங்கள். கன்றை வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்கிறவனுக்கு அந்தக் கிருமி ஏறும். காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். மூட்டு வலிக்கும், இரவில் வியர்த்துக் கொட்டும். மலேரியா என்றும் டைபாயிடு என்றும் மருந்து சாப்பிட்டு மாதக்கணக்கில் கூலியை இழப்பான். அந்த நோய்க்காக 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் தடுப்பூசியில் இருப்பது, வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. கன்று துள்ளி, ஊசி தன் விரலில் பாய்ந்தால் போட்டவனுக்கே நோய் வரலாம். ஊசி போடும்போது கையுறை, கண்ணுக்குக் கவசம் வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் கையில் இருக்கிறதா?

வெறிநோய் கண்ட மாடு எச்சில் ஒழுகவிட்டு, விழுங்க முடியாமல் நிற்கும். ‘தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது’ என்று வாயில் கையை விடுகிறான் கற்றுக்கொடுக்கப்படாதவன். வெறிநோய் மனிதனிடம் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி உலகத்தில் இருக்கிறது. மாட்டுக்கு ஊசி போடுகிறவனுக்கு அந்த ஊசியைப் போட வேண்டாமா?

அடைப்பான் நோயில் மாடு திடீரென்று செத்து விழும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசியும். அந்தப் பிணத்தை அறுக்கக் கூடாது. தோலை உரிக்கக் கூடாது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அறுத்தால் கிருமியின் வித்து மண்ணில் விழுந்து பத்து இருபது வருஷமும் சாகாமல் கிடக்கும். செத்த மாட்டைத் தூக்க ஊரார் யாரைக் கூப்பிடுகிறார்கள்? சேரியில் இருப்பவரை. முதல் பலி அவர். ‘அறுக்காதே, தொடாதே’ என்று அந்த இடத்தில் உடனே சொல்ல, நோயை அடையாளம் கண்ட ஒருவன் ஊரில் இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். பயிற்சி என்று நாம் கேட்பது காகிதச் சான்றிதழை அல்ல, இந்த உயிரை.

மூன்று மாதத்தில் ‘சுயதொழில் முனைவர்’!

‘ஏன் குறை சொல்கிறீர்கள்? மத்திய சர்க்கார் பயிற்சி கொடுக்கிறதே!’ என்று சிலர் கிளம்புவார்கள். கொடுக்கிறது. 2014ல் தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தின் கீழ் ‘மைத்ரி’ என்று ஒரு ஏற்பாடு. கிராமத்து இளைஞனுக்குச் சுமார் மூன்று மாதப் பயிற்சி. சினை ஊசிக் கருவிகளுக்கு உதவித் தொகை. அதன் பிறகு? அவனுக்குச் சம்பளம் கிடையாது. மருந்துக்கும் வேலைக்கும் ஆன காசை மாட்டுக்காரனிடமே வசூலித்துக்கொண்டு தன் காலில் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் சுயதொழில்!

இது பயிற்சியா, கைகழுவலா? ஏழையின் மாட்டுக்கு இலவசமாகச் செய்ய வேண்டிய காரியத்தை, வேலையில்லா இளைஞனின் தலையில் கட்டி, அவன் கூலியை இன்னொரு ஏழையின் மடியிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு ஏழைகளை மோதவிட்டுச் சர்க்கார் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறது. அவன் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு ஊசியை இரண்டாகப் போடத் துணிந்தால், பழி அவன் மேல். மாடு சினை பிடிக்காவிட்டால், நஷ்டம் மாட்டுக்காரன் மேல். திட்டம் மட்டும் வெற்றி!

மூன்று மாதம் முதல் படியாக இருந்தால் நாம் வரவேற்போம். அதுவே கடைசிப் படியாகவும் இருப்பதுதான் அநியாயம். அடுத்த வருஷம் இன்னும் மூன்று மாதம், அதன் பின் பட்டயம், அதன் பின் நிரந்தர வேலை என்று வழி வைத்தார்களா? ஏணியின் ஒரே ஒரு கட்டையைக் கொடுத்து ‘ஏறு’ என்றால் எங்கே ஏறுவது?

‘அரைகுறை வைத்தியம்’ என்ற பூச்சாண்டி

உதவியாளருக்குப் பயிற்சி என்று பேச்செடுத்தால் இன்னொரு எதிர்ப்பு வரும். ‘அரைகுறையாகக் கற்றவன் டாக்டர் வேஷம் போடுவான், போலி வைத்தியம் பெருகும், மருந்தைக் கண்டபடி குத்துவான்’ என்பார்கள் சில டாக்டர்கள்.

இந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கன்று போட்ட கையோடு பால் காய்ச்சலில் விழுந்த மாட்டுக்கு, கால்சியத்தை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் மாட்டின் இதயம் நின்றுவிடும். அது டாக்டரின் வேலை. வயிற்றைக் கீறிக் கன்றை எடுப்பது டாக்டரின் வேலை. பணக்காரன் மாட்டுக்கு டாக்டர், ஏழை மாட்டுக்குக் கம்பவுண்டர் என்ற பாகுபாட்டை நாம் ஒருநாளும் ஏற்க மாட்டோம். டாக்டர் பணியிடங்களையும் நிரப்பு என்றே கேட்கிறோம்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30வது பிரிவு, பதிவு பெற்ற டாக்டரைத் தவிர வேறு யாரும் கால்நடை வைத்தியம் செய்யக் கூடாது என்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பட்டயமோ சான்றிதழோ பெற்ற கால்நடைப் பணியாளர், டாக்டரின் மேற்பார்வையில் ‘சிறு கால்நடை சேவை’ செய்ய மாநில சர்க்கார் அனுமதிக்கலாம். தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டு முதலிய முதலுதவிகளை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆக, சட்டம் கேட்பது என்ன? சான்றிதழ், மேற்பார்வை. இந்த இரண்டையும் ஒழுங்காகக் கொடுங்கள் என்றுதான் நாமும் கேட்கிறோம்.

போலி வைத்தியம் எங்கே முளைக்கிறது? கற்றவன் இல்லாத இடத்தில். வேலையை வாங்கிக்கொண்டு, ‘நீ செய்யவில்லை, டாக்டர்தான் செய்தார்’ என்று நோட்டில் எழுதும் இடத்தில். எல்லையை எழுதி வைத்துக் கற்றுக்கொடுத்தால், எல்லை தாண்டியவனைக் கேட்கலாம். எழுதாத எல்லையை யார் காப்பது?

பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் என்ன சாதிக்க முடியும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. மாட்டு வெக்கை நோய் ஒரு காலத்தில் கிராமம் கிராமமாகக் கொட்டிலைக் காலி செய்த எமன். 1954ல் நமது நாடு அதை ஒழிக்க இயக்கம் தொடங்கியது. வீடு வீடாகப் போய்க் கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போட்டவர்கள் எல்லோரும் பட்டம் பெற்ற டாக்டர்கள்தானா? தடுப்பூசிப் பணியாளர்களும் உதவியாளர்களும் சேர்ந்து நடந்த நடை அது. 1995க்குப் பிறகு இங்கே அந்த நோய் இல்லை. ஆப்பிரிக்காவில், எத்தியோப்பியாவின் அஃபார் பாலைவனத்திலும், யுத்தம் நடந்த தென் சூடானிலும், டாக்டர் கால் வைக்க முடியாத இடங்களில், வெப்பம் தாங்கும் மருந்தை மாடு மேய்ப்பவர்களின் கையில் கொடுத்து, அவர்களுக்கே ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். வெக்கை அங்கேயும் அடங்கியது. 2011ல் உலகம் முழுவதிலிருந்தும் அந்த நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனித குலம் வேரோடு அழித்த முதல் மாட்டு நோய் அது. எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பனால் முடிந்தது, பத்தாம் வகுப்புப் படித்த நம் உதவியாளனால் முடியாதா?

வெளிநாடு எதற்கு? பக்கத்து வீட்டைப் பார்ப்போம். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருஷக் கால்நடை பட்டயப் படிப்புக்கென்றே பாலிடெக்னிக்குகள் நடக்கின்றன. அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ‘முடியாது’ என்ற சாக்கு செல்லாது என்பதற்கு அது போதும். பாரிஸில் இருக்கும் உலகக் கால்நடை ஆரோக்கிய அமைப்பும், டாக்டர் அல்லாத கால்நடைப் பணியாளருக்கு என்னென்ன திறமை வேண்டும் என்று 2018ல் வரையறை வகுத்தது; 2019ல் பாடத்திட்ட வழிகாட்டியும் வெளியிட்டது. உலகம் எழுதி வைத்துவிட்டது. நமது அதிகாரிகள் படித்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

மில்லிலும் இதே தந்திரம்

மில் தொழிலாளித் தோழர்களே! இந்தக் கதை உங்களுக்குப் புதிதா?

பஞ்சாலையில் சாதா வேலைக்குச் சேர்ந்தவன், கண்ணால் பார்த்தும் கையால் பழகியும் ‘சைடர்’ ஆனான். மெஷினின் சத்தத்திலேயே கோளாறைச் சொல்லும் திறமை பெற்றான். அந்தத் திறமைக்குத் தனிக் கூலி வேண்டும், பதிலியை நிரந்தரமாக்க வேண்டும் என்று சங்கம் வைத்துப் போராடித்தான் வாங்கினான். முதலாளி தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. பின்னாளில் முதலாளிகள் என்ன செய்தார்கள்? ‘பயிற்சியாளர்’ என்று பெயர் வைத்து, சிறு பெண்களை விடுதியில் அடைத்து, மூன்று வருஷம் முடிந்தால் திருமணத்துக்குப் பணம் என்று ஆசை காட்டினார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரை யார் மறக்க முடியும்? கற்றுக்கொடுத்தது சொற்பம், கறந்தது முழு வேலை.

அங்கே பயிற்சி என்ற பெயரால் கூலியை வெட்டினார்கள். இங்கே பயிற்சி இல்லை என்ற பெயரால் கூலியை வெட்டுகிறார்கள். ‘நீ படிக்காதவன், கீழ்ப்பதவியே உனக்குப் போதும்’ என்பார்கள். படிக்க வழி கேட்டால் ‘நீ கீழ்ப்பதவிக்காரன், உனக்கெதற்குப் படிப்பு’ என்பார்கள். செக்கு மாட்டைச் சுற்ற விடுவது போல இந்தச் சுற்று. கண்ணைக் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்தால்தான் செக்கு நிற்கும்.

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை

கால்நடை டாக்டர்களை நாம் எதிரியாக நினைக்கவில்லை. ஒரே ஆளாக ஊர் ஊராய் ஓடி, நடுராத்திரியில் கன்று இழுத்து, மறுநாள் மீட்டிங்கில் ‘இலக்கு ஏன் குறைந்தது’ என்று திட்டு வாங்கும் டாக்டரும் உழைப்பாளிதான். மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்கத் தோடு குத்துவதும், அதைச் செல்போனில் ஏற்றுவதும் அவர்கள் எல்லோர் தலையிலும் விழுந்த பாரம். உதவியாளன் கற்றால் டாக்டரின் பெருமை குறையாது, பாரம் குறையும். நல்ல நர்ஸ் இருக்கும் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு மதிப்புக் கூடுகிறதா, குறைகிறதா? ஆகவே, டாக்டர் சங்கமும் உதவியாளர் சங்கமும் எதிரெதிரே நின்று மல்லுக்கட்டினால் சிரிக்கப் போவது செக்ரடேரியட்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: வேலையில் சேரும் ஒவ்வொரு கால்நடைப் பராமரிப்பு உதவியாளருக்கும், முழுச் சம்பளத்தோடு, ஆறு மாதத்துக்குக் குறையாத பயிற்சி. பாடம் தமிழில். கல்லூரிக் கொட்டிலில் கைவேலை. முடிவில் சட்டம் ஏற்கும் சான்றிதழ்.

இரண்டு: ஏற்கெனவே பல வருஷம் உழைத்தவர்களைப் புதிதாக முதல் வகுப்பில் உட்கார வைக்காமல், அவர்கள் கைத்திறனைச் சோதித்து, தெரிந்ததற்கு மதிப்பும் தெரியாததற்குப் பாடமும் கொடுக்க வேண்டும்.

மூன்று: ஏணி. உதவியாளர் இத்தனை வருஷத்தில், இந்தப் பரீட்சையில் தேறினால் ஆய்வாளர் பயிற்சியில் இடம், ஆய்வாளருக்குப் பட்டயம், பட்டயம் பெற்றவருக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில், பணியிலிருப்போருக்கென ஒதுக்கப்பட்ட இடம். இது அதிகாரியின் தயவில் நில்லாமல், அச்சிட்ட விதியாக இருக்க வேண்டும்.

நான்கு: கையுறை, கவசம், வெறிநோய்த் தடுப்பூசி, வருஷத்துக்கு ஒருமுறை கன்று வீச்சு நோய்க்கான ரத்தப் பரிசோதனை. வேலையால் நோய் வந்தால் சம்பளத்தோடு லீவும் நஷ்ட ஈடும்.

ஐந்து: வேலை எது, எல்லை எது என்று எழுத்தில் பட்டியல். அதிகாரி வீட்டு எடுபிடி வேலை அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

ஆறு: காலி இடங்களை நிரந்தர வேலையாக நிரப்பு. ‘மைத்ரி’ இளைஞர்களைத் தெருவில் விடாமல், குறைந்தபட்சக் கூலி கொடுத்து, அதே ஏணியில் ஏற்று. கறவையும் கொட்டிலும் பெண்கள் கையில்தான் இருக்கின்றன. பயிற்சியில் அவர்களுக்குச் சரிபாதி கொடு.

‘பணம் எங்கே?’ என்று நிதி இலாகா கேட்கும். 2022ல் தோல் கழலை நோய் வந்தபோது நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் மாடுகள் மாண்டன. ராஜஸ்தானத்து ரோட்டோரம் எல்லாம் பிணம் கிடந்தது. அந்த நஷ்டத்துக்குப் பணம் எங்கேயிருந்து வந்தது? ஏழையின் மடியிலிருந்து வந்தது. பட்ஜெட்டில் எழுதாத செலவு செலவே இல்லை என்று நினைப்பவர்களுக்கு, கொட்டில் காலியானவன் வீட்டுக் கணக்கைக் காட்டுவோம்.

கூலி விவசாயத் தோழர்களே! அடுத்த கிராம சபையில் ஒரு கேள்வி கேளுங்கள். நமது மாட்டு ஆஸ்பத்திரியில் எத்தனை இடம், எத்தனை காலி, இருப்பவர்களுக்கு எப்போது என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மில் தோழர்களே! உங்கள் சங்கத் தீர்மானங்களில் இந்தக் கோரிக்கைக்கும் ஓரிடம் கொடுங்கள். மாட்டைப் பிடிக்கும் கையும் நூலைப் பிடிக்கும் கையும் வேறு வேறல்ல.

உதவியாளரே! கயிற்றைப் பிடித்த உங்கள் கையில் புத்தகமும் கருவியும் வர வேண்டும். அது சலுகை அல்ல, உங்கள் உரிமை. அந்த உரிமை உங்களுக்குக் கிடைக்கிற நாளில்தான் ஏழையின் கொட்டிலுக்கும் நல்ல வைத்தியம் வந்து சேரும்!